ரப்பிஷ் மேல் எழும் வீடுகள்

இடித்த கட்டடத்தின் கல்லும் காரையும் புது வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. எங்கே போகலாம்? எங்கே கூடவே கூடாது?

இரவு பதினொன்றரை மணி. தாம்பரம் தாண்டிய ஒரு புறநகர்த் தெருவில் டிப்பர் லாரி பின்பக்கமாக வந்து நிற்கிறது. கடைக்கால் வேலை முடிந்து, சுற்றிலும் மூன்றடிக்கு பேஸ்மெண்ட் சுவர் எழும்பிய மனை. லாரியின் தொட்டி மெல்லச் சாய்கிறது. உடைந்த செங்கல், பூச்சோடு பெயர்ந்த சுவர்த் துண்டுகள், மொசைக் பதித்த தரைப் பாளம், பாதி வாஷ்பேசின், பெயின்ட் உரிந்த ஜன்னல் சட்டம், ஃபால்ஸ் சீலிங்கின் வெள்ளைப் பூவேலை, அறுத்தெடுத்த எலெக்ட்ரிக் பைப் எல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டு பள்ளத்துக்குள் விழுகின்றன. வீட்டுக்காரர் செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கிறார்.

“என்ன மேஸ்திரி, கட்டையெல்லாம் கிடக்குது?”

“பொறுக்கிடலாம் சார். மேல மண்ணு அடிச்சு தண்ணி விட்டா கெட்டியா உக்காந்துடும். லோடு வாடகை மட்டும்தான், சரக்குக்குக் காசு இல்ல.”

மறுநாள் ஜே.சி.பி. வந்து சமன்படுத்திவிடும். அதன்மேல் மணல், அதன்மேல் கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ். அடியில் என்ன கிடக்கிறது என்று அதற்குப் பிறகு யாராலும் பார்க்க முடியாது.

சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரத்தில் வீடு கட்டுகிற குடும்பங்களிடம் இன்று அடிக்கடி எழும் கேள்வி இது: ‘ரப்பிஷ் போடலாமா?’ பொறியாளர் ஒன்று சொல்கிறார், மேஸ்திரி ஒன்று சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் தன் அனுபவத்தைச் சொல்கிறார். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்த இடிபாட்டுக்குத் தரைக்கு அடியில் தாராளமாக இடம் உண்டு. தரையின் சாதாக் கான்கிரீட்டிலும் ஓரளவு உண்டு. கம்பி கட்டிய தளத்துக்குள் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் எடுக்கும் முடிவின் விலையைப் பத்து வருடம் கழித்து அந்தக் குடும்பம்தான் கொடுக்கிறது.

இடிப்பவரும் நிரப்புபவரும்

சென்னையில் பழைய அடுக்ககங்கள் இடிபடும் காலம் இது. 2022-ம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்கு வழி திறந்துவிட்டது. இன்னொரு பக்கம், சாலைமேல் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர, வீடுகள் தாழ்ந்துவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடு கட்ட வருகிறவர் முதலில் பேசுவதே பேஸ்மெண்ட் உயரத்தைப் பற்றித்தான்.

ஆக, ஒருவரிடம் தள்ள வேண்டிய இடிபாடு. இன்னொருவரிடம் நிரப்ப வேண்டிய பள்ளம். நல்ல கிராவல் மண்ணுக்கு யூனிட் கணக்கில் பணம் கொடுக்க வேண்டும். ரப்பிஷ் கிட்டத்தட்ட இலவசம். லாரிக்காரர் இருவரையும் சேர்த்துவைக்கிறார். இந்த ஏற்பாட்டில் அடிப்படையில் தவறே இல்லை. ஒரு வீட்டின் கழிவு இன்னொரு வீட்டின் அஸ்திவாரத்துக்குள் போனால் ஏரி தப்பிக்கிறது, மலை தப்பிக்கிறது. ஆனால் லாரியில் ஏறுவதற்கு முன் யாரும் பிரிப்பதில்லை. கோளாறு அங்கேதான்.

பெட்டிச் செய்தி: 600 சதுர அடி வீட்டின் கணக்கு

• பேஸ்மெண்ட் 3 அடி நிரப்ப: 600 × 3 = 1,800 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி. ஆக 18 யூனிட்.
• அதன்மேல் 4 அங்குல சாதாக் கான்கிரீட்: 200 கன அடி.
• 5 அங்குல கம்பிக் கான்கிரீட் கூரைத் தளம்: 250 கன அடி. இதற்கு ஏறத்தாழ 2 யூனிட் ஜல்லி தேவை. விதி அனுமதிக்கும் உச்ச அளவான 20 சதவீதத்தை மறுசுழற்சி ஜல்லியாகப் போட்டாலும் மிச்சமாவது அரை யூனிட்கூட இல்லை.

முதல் மூன்றடி

மேலே உள்ள கணக்கிலேயே விடை இருக்கிறது. இடிபாட்டை அள்ளிக்கொள்ளும் இடம் பேஸ்மெண்ட். அங்கே அதற்கு வலிமைச் சோதனை கிடையாது. அசையாமல், ஊதாமல், அழுகாமல் கிடந்தால் போதும். உடைத்த கான்கிரீட்டும் நன்றாகச் சுட்ட செங்கல்லும் அப்படிக் கிடக்கக்கூடியவைதான்.

கெடுப்பது, கூட வரும் மற்றவை. மரத்துண்டு வந்தால் கரையானுக்கு நாமே விருந்து வைத்ததாகிறது; தரைக்குக் கீழே கரையான் மருந்து அடித்த செலவும் வீண். ஃபால்ஸ் சீலிங்கும் பி.ஓ.பி. பூச்சும் ஜிப்சம். அது சல்பேட் உப்பு. ஈரத்தோடு சேர்ந்து மேலேறி, சிமென்ட்டிலுள்ள சேர்மங்களோடு வினைபுரிந்து ஊதும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடற்கரையோர வீடுகளை இடித்த சரக்கில் உப்பு ஊறியிருக்கும். அது சுவரின் அடிப்பாகத்தில் ஓதமாகவும், உப்புப் பொரிந்த பெயின்டாகவும் வெளியே வரும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எல்லாவற்றையும்விட மோசம். அதன் நார் மூச்சில் போனால் நுரையீரலைப் பல வருடங்கள் கழித்துத் தாக்கும். பின்னால் என்றோ பைப் பதிக்கத் தரையைத் தோண்டும் தொழிலாளிக்கு அது தெரியப்போவதில்லை.

அடுத்தது அளவு. முழங்கை நீளச் சுவர்ப் பாளங்களை அப்படியே கொட்டினால் அவற்றின் இடையே பொந்துகள் நிற்கும். மேலே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அவை நிறையாது. பிறகு மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி இறங்க, மேலிருக்கும் மணல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொந்துக்குள் இறங்கும். தரை டைல்ஸைத் தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் கேட்பதும், சுவரோரம் டைல்ஸ் விலகி வாய் பிளப்பதும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. எலிக்கும் அந்தப் பொந்து வசதி.

சரியான முறை ஒன்றும் ரகசியமில்லை. கைமுட்டிக்கு மேற்பட்ட துண்டு எதுவும் வேண்டாம். பெரிதாக இருந்தால் சம்மட்டியால் உடைக்க வேண்டும். துண்டுகளின் இடைவெளியை அடைக்கக் கிராவலோ எம்-சாண்ட் தூசியோ கலக்க வேண்டும். ஆறு அங்குலத்துக்கு ஓர் அடுக்கு. தண்ணீர் விட்டு, மெஷின் வைத்துத் திமிசு போட்ட பிறகுதான் அடுத்த அடுக்கு. மூன்றடியையும் ஒரே இரவில் கொட்டிவிட்டு மேலே மட்டும் தண்ணீர் பாய்ச்சுவது திமிசு ஆகாது. கடைசி நான்கைந்து அங்குலம் சுத்தமான மணல். அதன்மேல் தடித்த பாலித்தீன் ஷீட் விரித்தால் அடி ஈரம் கான்கிரீட்டைத் தொடாது. ஷீட்டின் செலவு மொத்த வீட்டுச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

தரைக் கான்கிரீட்: விதி திறந்த கதவு

டைல்ஸுக்கு அடியில் போடும் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் ஜல்லிக்குப் பதில் இடிபாட்டை உடைத்துப் போடலாமா? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 383 விதி 2016-ல் திருத்தப்பட்டபோது இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது. அது இடிபாட்டு ஜல்லியை இரண்டாகப் பிரிக்கிறது: சுத்தமான கான்கிரீட்டை மட்டும் உடைத்துச் சலித்தது ஒன்று, செங்கல், காரை, கல் எல்லாம் கலந்தது இன்னொன்று. எம் 15 தரத்துக்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் இரண்டையுமே நூறு சதவீதம்வரை போடலாம். 1:4:8 அந்த வகைதான். கம்பியில்லாத மற்ற கான்கிரீட்டில் முதல் வகை 25 சதவீதம்வரை. கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம்வரை, அதுவும் எம் 25 தரம் வரைக்கும் மட்டும். கலந்த வகைக்கு இந்த இரண்டிலும் அனுமதியே இல்லை.

ஆனால் ‘உடைத்துச் சலித்தது’ என்பதை நம் ஊரில் பலர் விட்டுவிடுகிறார்கள். கலவையை விரித்துவிட்டு நடுவில் அரைச் செங்கல், கான்கிரீட் பாளம் என்று தூக்கிப் போட்டு, மேலே பூசி மூடுவதைப் பார்க்கிறோம். பெரிய கல் போட்டுக் கான்கிரீட் போடுவதற்கு ஐ.எஸ். 456 விதியில் இடம் உண்டு என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். 160 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களைக் கம்பியில்லாத கான்கிரீட்டில், தனியாக அனுமதி பெற்று, மொத்தக் கன அளவில் 20 சதவீதம்வரை போடலாம் என்கிறது அது. கூடவே இன்னொரு நிபந்தனை: எந்தக் கல்லும் மேற்பரப்புக்கு 150 மில்லிமீட்டரைவிட நெருக்கமாக இருக்கக் கூடாது. நம் வீட்டுத் தரையின் மொத்தத் தடிமனே 4 அங்குலம், அதாவது 100 மில்லிமீட்டர். பெரிய அஸ்திவாரங்களுக்கும் தடுப்புச் சுவர்களுக்கும் எழுதிய சலுகை வீட்டுத் தரைக்குப் பொருந்தவே பொருந்தாது.

தண்ணீரும் ஒரு விஷயம். கருங்கல் ஜல்லி கிட்டத்தட்ட தண்ணீரே குடிக்காது. சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம்வரை உறிஞ்சலாம். காய்ந்த செங்கல் ஜல்லியைக் கலவையில் கொட்டினால், சிமென்ட் இறுகத் தேவையான தண்ணீரை அது குடித்துவிடும். கொத்தனார் ‘வறவறன்னு இருக்கு’ என்று இன்னொரு வாளி ஊற்றுவார். கான்கிரீட் பலம் இழக்கும். சுவர் கட்டும் முன் செங்கல்லை ஊறவைக்கத் தெரிந்த நாம், ஜல்லியையும் முந்தின நாளே நனைத்துவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

பாத்ரூமுக்கு அடியில் இரண்டு டன்

மாடி வீடுகளிலும் அடுக்ககங்களிலும் பாத்ரூமுக்கு மட்டும் தளத்தை ஓரடி தாழ்த்திப் போடுவார்கள். பைப் லைன் பதித்த பிறகு அந்தப் பள்ளத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். வேலை செய்யும் இடத்திலேயே கிடக்கும் உடைசல் செங்கல், பழைய டைல்ஸ் துண்டு, காய்ந்த கலவைக் கட்டி ஆகியவை பெரும்பாலும் இங்கேதான் போகின்றன. புதுப்பிக்கும்போது உடைத்தெடுத்த பழைய பாத்ரூமின் கழிவே திரும்ப உள்ளே போவதும் உண்டு. என் கருத்தில் வீட்டுக்குள் ரப்பிஷ் மிக அதிகக் கேடு செய்யும் இடம் இது.

5 × 8 அடி பாத்ரூமில் ஓரடி ஆழம் என்றால் 40 கன அடி. கன மீட்டருக்கு 1,700 கிலோ என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 2 டன். சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல். குடியிருப்பில் ஆட்கள், சாமான்களுக்காகப் பொறியாளர் கணக்கில் எடுக்கும் பளு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். நிரப்பும் பளுவை வடிவமைப்பின்போதே சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் தளம் தாங்கும். ‘இங்கேயும் ஒரு பாத்ரூம் வைத்துவிடலாம்’ என்று பின்னால் யோசித்துத் தரையை உயர்த்தி ரப்பிஷ் போட்ட வீடுகளில் அந்தக் கணக்கை யார் போட்டிருப்பார்கள்?

பளுவைவிடத் தொல்லை தருவது ஈரம். தரைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பின் இணைப்பில் ஒரு மயிரிழைக் கசிவு போதும். அத்தனை செங்கல் துண்டுகளும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். எந்தக் காலத்திலும் காயாது. கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் கறை விழும், பூச்சு உதிரும், துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். மேல்வீட்டுக்காரருக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் சண்டை மூளும். கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடிக்க அத்தனையையும் தோண்டியெடுக்க வேண்டும். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பைப்பைத் தளத்துக்கு அடியில் தொங்கவிட்டு ஃபால்ஸ் சீலிங்கால் மறைத்தால் நிரப்பும் வேலையே கிடையாது. நிரப்பித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் தாழ்தளத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங். பிறகு எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் துண்டுகளோ நுரைக் கான்கிரீட்டோ.

கூரைத் தளத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஐந்து அங்குலத் தளத்தில் கம்பிகளுக்கு இடையில் முக்கால் ஜல்லி புகுந்து நிறைய வேண்டும். ஒரு செங்கல் துண்டு நடுவில் மாட்டினாலும் அங்கே கம்பியைக் கான்கிரீட் பற்றாது. ஈரம் கம்பியைத் தொடும். அரை யூனிட் ஜல்லிக்காக நம் பிள்ளைகள் தூங்கும் தலைக்கு மேல் சோதனை செய்ய வேண்டியதில்லை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘ஃபில்லர் ஸ்லாப்’ இதிலிருந்து வேறுபட்டது. தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு என்பதைக் கணக்கிட்டு, கம்பிக் கட்டங்களுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை வரிசையாக வைக்கும் வடிவமைப்பு அது. ஒவ்வொரு ஓட்டுக்கும் இடம் குறித்த வரைபடம் உண்டு. கையில் கிடைத்ததைப் போடுவதற்கு அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

டப்ளின் வீடுகள் சொன்ன பாடம்

தரைக்கு அடியில் போடுவதை யாரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அயர்லாந்து அனுபவித்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கட்டுமானம் கொழித்தது. டப்ளினைச் சுற்றிப் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் நிரப்பக் குவாரிகளிலிருந்து உடைகல் வந்தது. அதில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு கனிமம் கலந்திருந்தது. காற்றும் ஈரமும் பட்டதும் அது அமிலமாகி, கல்லிலிருந்த சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகப் படிந்து ஊதியது. தரைகள் மேலே எழும்பின. கதவுகள் மூட மறுத்தன. சுவர்களில் விரிசல் ஓடியது.

அரசு அமைத்த குழு 2012-ல் அறிக்கை தந்தது. பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய வீடுகள் 12,250 என்று அது மதிப்பிட்டது. 2013-ல் தனிச் சட்டமே வந்தது. தீர்வு என்ன? தரையை உடைத்து, நிரப்பிய அத்தனை கல்லையும் அள்ளி வெளியே கொட்டி, புதிதாக நிரப்பித் தரை போடுவது. அதுவரை குடும்பம் வேறிடத்தில் குடியிருக்க வேண்டும். அங்கே பொது நிதி துணைக்கு வந்தது. நம் ஊர்த் தனி வீட்டுக்காரருக்கு அப்படி யார் வரப்போகிறார்கள்?

அங்கே சிக்கலானது குவாரிக் கல், இங்கே இடிபாடு. கனிமம் வேறாக இருக்கலாம். ஊதும் சல்பேட் ஒன்றுதான், பார்க்காமல் போட்ட அலட்சியமும் ஒன்றுதான்.

பெட்டிச் செய்தி: லாரி ஏறும் முன் பாருங்கள்

• இருக்கலாம்: கான்கிரீட், சுட்ட செங்கல், கருங்கல், மொசைக், டைல்ஸ். எல்லாம் உடைத்தது.
• கூடாது: மரம், பி.ஓ.பி., ஃபால்ஸ் சீலிங், ஆஸ்பெஸ்டாஸ், டியூப் லைட், பெயின்ட் டப்பா, பிளாஸ்டிக், களிமண் கட்டி, செப்டிக் டேங்க் இடிபாடு.
• துண்டின்மேல் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் உப்பு என்று சந்தேகப்படுங்கள்.
• கான்கிரீட்டில் போடுவதானால் நீர் உறிஞ்சும் அளவையும் சல்பேட், குளோரைடு அளவையும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பாருங்கள். பல பொறியியல் கல்லூரிகளில் இந்த வசதி உண்டு.

செங்கல் ஜல்லி நமக்குப் புதிதல்ல

‘உடைந்த செங்கல்லா?’ என்று முகம் சுளிப்பவர்கள் பழைய சென்னை வீட்டு மொட்டைமாடியில் ஏறிப் பார்க்கலாம். தட்டோட்டுக்கு அடியில் இருப்பது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்தான். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பலகையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. செங்கல் தூளான சுர்க்கியைச் சுண்ணாம்போடு சேர்த்துத்தான் 1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தது. கல் அரிதான வங்கதேசத்தில் இன்றும் செங்கல்லை உடைத்தே கான்கிரீட் போடுகிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் செங்கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். நன்றாக வெந்ததைப் பொறுக்கி, உடைத்து, சலித்து, ஊறவைத்தார்கள். அந்த உழைப்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ரப்பிஷ்.

பிரிப்பவர்கள் யார்?

பழைய வீட்டை இடிக்கும் கான்ட்ராக்டர் ஏற்கெனவே பிரிக்கிறார். தனக்குக் காசாவதை மட்டும். தேக்குக் கதவு, கிரில், கம்பி, முழுச் செங்கல் எல்லாம் தனித்தனியாக விலை போகின்றன. கம்பியை உருவக் கான்கிரீட்டைச் சம்மட்டியால் அடிக்கும் ஆண்களும், செங்கல்லிலிருந்து காரையைச் சுரண்டும் பெண்களும் முகத்தில் ஒரு துண்டுத் துணியோடு நாள் முழுக்கப் புழுதியில் நிற்கிறார்கள். அந்தப் புழுதியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸ் நோய் வரும் வழி அது. தண்ணீர் தெளித்து இடிப்பதும் நல்ல மாஸ்க் கொடுப்பதும் இடிக்கும் செலவில் மிகச் சிறிய பங்குதான்.

வாங்க ஆளில்லாத மிச்சத்தில், நல்ல இடம் கிடைக்காதது நீர்நிலைகளுக்குப் போகிறது. 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலத் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களே கட்டட இடிபாட்டால் மேடாகியிருக்கின்றன. அந்த மேடுதான் வெள்ளத்தை வீட்டுக்குத் திருப்புகிறது. வெள்ளத்துக்குப் பயந்து நாம் பேஸ்மெண்டை உயர்த்துகிறோம்.

விதிகள் இல்லாமல் இல்லை. 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளின்படி, நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேலோ ஒரு திட்டத்துக்கு மாதம் 300 டன்னுக்கு மேலோ கழிவு வந்தால், இடிப்பவர் அதைக் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என நான்காகப் பிரித்துத் தர வேண்டியிருந்தது. 2025-ல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாக வைத்தன; மறுபயன்பாட்டுப் பொறுப்பை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களின்மீது சுமத்தின. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் நம் தெருவில் இடிபடும் ஒற்றை வீடு இந்த வலைகளின் கண்ணி வழியாக நழுவிவிடுகிறது.

சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை உடைத்துச் சலிக்கும் நிலையங்களை அமைத்திருக்கிறது. டெல்லி புராரியில் 2009-லேயே இத்தகைய ஆலை வந்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடத்தில் இடிபாட்டிலிருந்து செய்த சுமார் 18 லட்சம் பிளாக்குகள் இருக்கின்றன. நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு ஆகும் சரக்கு நம் வீட்டுத் தரைக்கு ஆகாதா? ஆகும். சலித்த, சோதித்த சரக்காக அது கையில் கிடைத்தால்.

மாநகராட்சி அந்தச் சலித்த ஜல்லியைப் பரிசோதனைச் சான்றோடு, 18 யூனிட் வேண்டும் வீட்டுக்காரருக்கும் யூனிட் கணக்கில், நிர்ணயித்த விலையில், மண்டலம்தோறும் விற்க வேண்டும். கட்டட அனுமதி விண்ணப்பத்தோடு இடிபாடு எங்கே போகிறது என்ற ஒரு பக்க விவரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். சிறிய வீட்டுக்கும் சேர்த்து.

வீடு கட்டுகிறவர்களுக்கு: இடிக்கும் கான்ட்ராக்டரிடம் பேசும்போதே கான்கிரீட், செங்கல் ஒரு குவியல், மரமும் ஜிப்சமும் இன்னொரு குவியல், ஆஸ்பெஸ்டாஸ் தனி என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ரப்பிஷ் வாங்கினால் லோடு பகலில் வரட்டும். கொட்டும்போது நீங்களோ உங்கள் பொறியாளரோ பக்கத்தில் நில்லுங்கள். கட்டை கண்ணில் பட்டால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். மண் மூடுவதற்கு முன் ஒவ்வோர் அடுக்கையும் போட்டோ எடுத்து வையுங்கள். சென்னைக்குள் ஏரியிலோ சாலையோரத்திலோ யாராவது இடிபாடு கொட்டுவதைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள்.